குழந்தைக்கு ஏன் குடற்புண்? மாறிவந்த விடைகளும் மீந்து நிற்கும் கேள்விகளும்

குழந்தைகளுக்கு இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் வருவது அரிது. ஆனால் வருகிறது. வாந்தியில் ரத்தம், தார்போல் கறுத்த மலம், சத்து மாத்திரை கொடுத்தும் தீராத ரத்தசோகை, நள்ளிரவில் எழுப்பிவிடும் மேல்வயிற்று வலி என அது வெளிப்படும்போது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வயசுல எப்படி டாக்டர்?" என்பதுதான். மருத்துவ உலகமும் இதே கேள்வியை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டுவருகிறது. அமிலம், மனக்கவலை, உணவு, பரம்பரை, கிருமி, மாத்திரை என்று காலத்துக்கொரு விடை முன்னுக்கு வந்தது. புதிய விடை வந்தபோதெல்லாம் பழையது காலாவதியாகிவிட்டது என்றே பேசப்பட்டது. ஆனால் பழையவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு மூலையில் இன்னும் உயிரோடிருக்கின்றன.

இந்த விடைகளுக்கெல்லாம் பொதுவான ஒரு குறை உண்டு. பெரும்பாலானவை பெரியவர்களை ஆராய்ந்து கண்டவை. பிறகு குழந்தைகளுக்கும் பொருத்தப்பட்டவை. அந்தப் பொருத்தம் எந்த அளவுக்குத் தாங்கும் என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

ஒரே பெயரில் இரு நோய்கள்

குழந்தை மருத்துவர்கள் இப்புண்களை இரண்டாகப் பிரிக்கிறார்கள். உடலில் வேறெந்த நோயும் இல்லாமல், தானாகத் தோன்றி நாள்பட நீடிப்பது முதல்நிலைப் புண். இது பெரும்பாலும் முன்சிறுகுடலில், எட்டு அல்லது பத்து வயதுக்கு மேல், பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. மற்றது இரண்டாம்நிலைப் புண். கடும் நோய், தீக்காயம், தலைக்காயம், மருந்து இவற்றின் விளைவாகத் திடீரென்று தோன்றுவது. எந்த வயதிலும் வரலாம். ஆறு வயதுக்குட்பட்டவர்களிடம் காண்பது பெரும்பாலும் இதுவே. பல நேரங்களில் வலி என்று எதுவும் சொல்லாமல் ரத்தப்போக்கோடுதான் வெளியே தெரியும்.

இந்தப் பிரிவினையைக் கவனிக்காமல் ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டால் பட்டியல் குழம்பிவிடும். ஒரு வயதுக் குழந்தையின் இரைப்பைப் புண்ணும் பதின்மூன்று வயதுச் சிறுவனின் முன்சிறுகுடல் புண்ணும் எண்டோஸ்கோபியில் ஒன்றுபோலத் தோன்றலாம். அவற்றுக்கு இட்டுச்சென்ற பாதைகள் வேறு. பழைய ஆய்வுகள் பலவும் இரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான் ஒரு மருத்துவமனையின் முடிவு இன்னொன்றின் முடிவோடு ஒத்துப்போகவில்லை.

அமிலமும் மனமும்

"அமிலம் இல்லையேல் புண் இல்லை" என்ற கருத்தை 1910-ல் முன்வைத்தவர் கார்ல் ஷ்வார்ட்ஸ். அது ஏறக்குறைய இன்றும் செல்லுபடியாகிறது. அமிலத்தை அடக்கினால் புண் ஆறுகிறது. 1955-ல் ஸோலிஞ்ஜரும் எலிசனும் விவரித்த நோயில், ஒரு கட்டி காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது; அமிலம் பெருகிப் பல இடங்களில் புண் உண்டாகிறது. குழந்தைகளில் இது மிக அரிது என்றாலும், திரும்பத் திரும்ப வரும் புண்ணில் மருத்துவர் நினைவில் வைக்கவேண்டிய ஒன்று. ஆனால் புண் வந்த பெரும்பாலானவர்களின் அமில அளவு மற்றவர்களின் அளவோடு கலந்தே நிற்கிறது. அமிலம் அவசியமான நிபந்தனை. எந்தக் குழந்தைக்கு வரும் என்று சொல்ல அது மட்டும் போதவில்லை.

அந்த இடைவெளியை மனம் நிரப்பியது. 1936-ல் ஹான்ஸ் செல்யே, கடும் நெருக்கடிக்கு ஆளான எலிகளின் இரைப்பையில் புண்ணைக் கண்டார். சிகாகோவின் உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர், பிறரைச் சார்ந்திருக்கும் ஏக்கத்தை உள்ளே அடக்கி வைப்பவர்களுக்கே குடற்புண் வருகிறது என்று வாதிட்டார். இந்தச் சிந்தனை குழந்தைகளிடம் வந்துசேர்ந்தபோது, பிள்ளையின் புண்ணுக்குத் தாயின் வளர்ப்பு முறையிலும் பள்ளிப் பயத்திலும் காரணம் தேடினார்கள். நோயுற்ற குழந்தையின் தாய்மேல் இப்படிச் சுமத்தப்பட்ட பழிக்கு உறுதியான ஆதாரம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இதை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும்.

அதற்காக மன அழுத்தக் கோட்பாட்டை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 1995-ல் ஜப்பானின் ஹான்ஷின் நிலநடுக்கத்துக்குப் பின், ரத்தம் கசியும் இரைப்பைப் புண்கள் அப்பகுதியில் அதிகரித்தன. சூசன் லெவன்ஸ்டைனும் குழுவினரும் 3,379 டேனிஷ் பெரியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியின் தொற்று, வலிநிவாரணி மாத்திரை இரண்டையும் கணக்கில் எடுத்த பிறகும் மன அழுத்தம் மிகுந்தவர்களுக்குப் புண் அதிகம் வந்தது. எல்லாம் பெரியவர்கள். பரீட்சை பயத்தால் பிள்ளைக்கு அல்சர் வந்துவிட்டது என்று சொல்ல இதைச் சான்றாக நீட்ட முடியாது.

சோறும் மரச்சீனியும்

உணவுதான் காரணம் என்ற வாதத்துக்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. அன்று தெற்குத் திருவிதாங்கூரைச் சேர்ந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பதுமான நெய்யூரில், லண்டன் மிஷன் மருத்துவமனையில் வேலை செய்தவர் ஹோவர்ட் சோமர்வெல். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கெடுத்த மலையேறி. கைதேர்ந்த அறுவை மருத்துவர். முன்சிறுகுடல் புண்ணோடு அவரிடம் வந்தவர்களின் கூட்டம் ஐரோப்பிய மருத்துவர்கள் காணாத அளவுக்குப் பெரியது. ஏழைகளின் அன்றாட உணவான மரச்சீனிக்கிழங்கும் அதோடு சேர்ந்த சத்துக்குறைவும்தான் காரணம் என்று அவர் எண்ணினார். அதே காலகட்டத்தில் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன், இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். திருவிதாங்கூர் ஏழைகளின் உணவைத் தின்ற எலிகளில் கால் பங்குக்கு மேலானவற்றுக்கு இரைப்பைக் கோளாறும் புண்ணும் வந்தன. கோதுமை, பால், காய்கறி கலந்த சீக்கியர் உணவைத் தின்றவற்றுக்கு வரவில்லை.

1964-ல் ரயில்வே மருத்துவரான எஸ். எல். மல்ஹோத்ரா, அரிசி உண்ணும் தெற்கிலும் கிழக்கிலும் நோய் அதிகம், கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைவு என்று எழுதினார். ரொட்டியை மெல்ல வேண்டும். மெல்லும்போது ஊறும் உமிழ்நீர் காக்கிறது என்பது அவர் விளக்கம். மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி இதை இன்னும் நீட்டினார். சில தானியங்களிலும் கொள்ளு போன்ற பயறுகளிலும் உள்ள கொழுப்புப் பொருள்கள் எலியின் இரைப்பையைக் காப்பதாக அவரது குழு விலங்குச் சோதனைகளில் காட்டியது.

இந்த வாதத்தின் பலம், அது எழுப்பிய புவியியல் கேள்வி. கிருமி வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய ஒரே அளவில் பரவியிருக்க, புண் மட்டும் ஏன் தெற்கில் அதிகம் என்று டோவி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். கிருமி ஒன்றே காரணம் என்பவர்களிடம் இதற்கு இன்றுவரை எளிதான பதில் இல்லை. பலவீனம், எலியின் இரைப்பை மனிதனின் இரைப்பை அல்ல என்பது. அரிசி உண்ணும் பகுதி வறுமை, நெருக்கடியான குடியிருப்பு, குடிநீர், புகையிலை எனப் பலவற்றிலும் வேறுபட்டது. அவற்றிலிருந்து உணவை மட்டும் தனியே பிரித்தெடுக்க அந்த ஆய்வுகளால் முடியவில்லை. நெய்யூரின் நோயாளிகளில் பெரும்பாலோர் வேலைசெய்யும் வயதிலிருந்த ஆண்கள் என்பதையும் மறக்கக் கூடாது. குழந்தைகளைப் பற்றி அந்த ஏடுகள் சொல்வது மிகக் குறைவு.

மிளகாய்மீது நம் வீடுகளில் விழும் பழி இதைவிட ஆதாரம் குறைந்தது. 1995-ல் சிங்கப்பூரில் காங்கும் சகாக்களும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, புண் உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மிளகாய் தின்றிருந்தனர். வலியால் தவிர்த்திருக்கலாம் என்பதால் மிளகாய் காக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. புண்ணை உண்டாக்குகிறது என்று சொல்ல அதைவிடவும் முடியாது. காலை உணவைத் தவிர்ப்பதும் அப்படித்தான். வெறும் வயிறு எரிச்சலைக் கூட்டலாம். ஆரோக்கியமான குழந்தையின் குடலில் அது மட்டுமே குழி பறிக்கும் என்பதற்குச் சான்று மெலிது.

பெர்த் நகரத்து விடை

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் 1979-ல் இரைப்பைத் திசுவில் வளைந்த நுண்ணுயிர்களைக் கவனித்தார். அவரோடு சேர்ந்த பாரி மார்ஷல், 1982 ஈஸ்டர் விடுமுறையில் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் அடைகாப்பில் விடப்பட்ட தட்டில் அது வளர்ந்திருக்கக் கண்டார். 1984-ல் அவர் அந்தக் கிருமியைத் தாமே குடித்து அழற்சி வரவழைத்துக்கொண்டதும், 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் பலரும் அறிந்தவை. குழந்தைகளைப் பொறுத்தவரை முக்கியமான ஆண்டு 1987. டொராண்டோவில் பிரெண்டன் டிரம் குழுவினர், வேறு காரணம் தெரியாமல் இரைப்பை அழற்சி வந்த குழந்தைகளில் பெரும்பாலோரிடம் இந்தக் கிருமியைக் கண்டனர். கிரோன் நோய் போன்ற வேறு காரணத்தால் அழற்சி வந்தவர்களிடம் அது இல்லை. கிருமி புண்பட்ட இடத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும் வழிப்போக்கன் அல்ல என்பதற்கு இந்த வேறுபாடு வலுவான சான்றானது. பின்னர் ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர் மாற்றப்பட்ட அதை ஒழித்தால், ஆண்டுதோறும் திரும்பிவந்த முன்சிறுகுடல் புண் திரும்புவதில்லை என்பது ஐயத்தைப் பெரிதும் தீர்த்தது.

தொற்று பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் ஏற்படுகிறது. பெற்றோர், குறிப்பாகத் தாய், உடன்பிறந்தோர் ஆகியோரிடமிருந்து வருகிறது. நெருக்கமான வீடு, பலர் ஒரே படுக்கையில் உறங்குவது, சுகாதாரக் குறைவு ஆகியவை அதைப் பரப்புகின்றன. 1991-ல் பெரு நாட்டின் லிமாவில் செய்த ஆய்வு ஒன்று நகரக் குடிநீரையும் சந்தேகித்தது. அதே ஆண்டு வெளியான ஹைதராபாத் ஆய்வு, இந்தியாவில் இத்தொற்று குழந்தைப் பருவத்திலேயே விரைந்து பரவுவதைக் காட்டியது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தொற்று அவ்வளவு பரவலாக இருந்தும் புண் வருவது மிகச் சில குழந்தைகளுக்கே. கிருமியின் வகையில் விளக்கம் தேடினார்கள். கேக்-ஏ என்ற மரபணு கொண்ட வகை கூடுதல் சேதம் செய்கிறது என்று மேலைநாட்டு ஆய்வுகள் கூறின. இந்தியாவில் கிடைக்கும் வகைகளில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது, புண் இல்லாதவர்களிடமும் இருக்கிறது. ஆக, இங்கே அது எவரையும் பிரித்துக் காட்டுவதில்லை. குழந்தையின் உடலிலேயே விளக்கம் இருக்கக்கூடும் என்பது இன்னொரு திசை. சிலி நாட்டில் பால் ஹாரிஸ் குழுவினர் 2008-ல், தொற்றுள்ள குழந்தைகளின் இரைப்பையில் பெரியவர்களைவிட அழற்சி குறைவாகவும், எதிர்ப்பாற்றலைக் கட்டுக்குள் வைக்கும் செல்கள் அதிகமாகவும் இருப்பதைக் காட்டினர். குழந்தையின் உடல் கிருமியோடு ஒருவகைச் சமரசம் செய்துகொள்கிறது என்று கொள்ளலாம். அந்தச் சமரசம் ஒருசிலரிடம் மட்டும் ஏன் முறிகிறது என்பது தெளிவாகவில்லை.

இடமும் முக்கியம். ஜப்பானியக் குழந்தைகளைத் திரட்டி 2004-ல் வெளியான ஆய்வில், முன்சிறுகுடல் புண்களில் ஐந்தில் நான்குக்கு மேல் கிருமி இருந்தது. இரைப்பைப் புண்களில் பாதிக்கும் குறைவு.

குடும்பம்: ரத்தமா, வீடா?

முன்சிறுகுடல் புண் வந்த குழந்தைகளின் நெருங்கிய உறவினரிடமும் அது அடிக்கடி காணப்படுவதை மருத்துவர்கள் நெடுநாளாக அறிவர். 1954-ல் இயன் ஏர்டும் சகாக்களும் ஓ ரத்தவகையினருக்குப் புண் அதிகம் என்று காட்டினர். 1979-ல் ராட்டர் குழுவினர் பெப்சினோஜன் என்ற செரிமானப் பொருளின் மிகை அளவு குடும்ப வழியில் இறங்குவதாகவும், அதோடு நோயும் சேர்ந்து வருவதாகவும் எழுதினர். பரம்பரைக் கோட்பாடு வலுவாகத் தெரிந்த காலம் அது.

கிருமி வந்ததும் இந்தச் சான்றுகளைப் புதிதாக வாசிக்க வேண்டியதாயிற்று. தொற்றே பெப்சினோஜன் அளவை உயர்த்தும். தாயிடமிருந்து குழந்தைக்கு மரபணுவும் போகிறது, கிருமியும் போகிறது. ஒரே கூரையின்கீழ் இரண்டையும் பிரித்தறிவது கடினம். இருந்தாலும் தனித்தனியே வளர்ந்த இரட்டையர்களையும் சேர்த்து ஆராய்ந்த சுவீடன் நாட்டு ஆய்வுகள், தொற்றுக்கு ஆளாவதிலேயே மரபுக்கும் ஒரு பங்கு உண்டு என்றன. கிருமி இரைப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் இடங்களில் ஒன்று ரத்தவகையோடு தொடர்புடைய மூலக்கூறு என்று 1993-ல் தெரியவந்தபோது, ஏர்டின் பழைய கவனிப்புக்கும் ஒரு பொருள் கிடைத்தது. "குடும்பத்தில் யாருக்காவது அல்சர் உண்டா?" என்ற கேள்வி மருத்துவமனையில் இன்னும் பயனுள்ளதே. வரும் பதிலுக்கு இரண்டு விளக்கங்கள் இருக்கலாம் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

மருந்துச் சீட்டின் பங்கு

ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம், ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகள் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. இரைப்பையைக் காக்கும் சளிப்படலம், பைகார்பனேட், ரத்த ஓட்டம் மூன்றுமே அதை நம்பியிருப்பவை. பெரியவர்களிடம் இந்த ஆபத்து ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

குழந்தைகளுக்கான மிகப் பெரிய சான்று 1995-ல் லெஸ்கோவும் மிட்செலும் வெளியிட்டது. காய்ச்சல் கண்ட 84,192 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஐபுப்ரோஃபெனோ பாராசிட்டமாலோ கொடுத்தார்கள். ஐபுப்ரோஃபென் பெற்றவர்களில் நால்வர் செரிமானப் பாதை ரத்தப்போக்கால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். லட்சத்துக்கு 7.2 என்ற இந்த விகிதம், புள்ளியியல் கணக்கில் பாராசிட்டமாலிலிருந்து உறுதியாக வேறுபடவில்லை. இதை இரு விதமாகவும் வாசிக்கிறார்கள். தனியொரு குழந்தைக்கு ஆபத்து மிகச் சிறிது என்பது ஒரு வாசிப்பு. காய்ச்சலுக்கு மருந்து வாங்காத வீடே இல்லை என்பதால், சிறிய விகிதமும் நாடு முழுவதும் கணிசமான எண்ணிக்கையாகும் என்பது இன்னொன்று. இரண்டும் சரியே. ஆனால் அந்த ஆய்வு குறுகிய காலத்துக்கு, அளவறிந்து கொடுத்த மருந்தைப் பற்றியது. கடையில் கேட்டு வாங்கி, வெறும் வயிற்றில், வாந்தியால் நீர்ச்சத்து வற்றிய குழந்தைக்கு, நாள் கணக்கில் கொடுப்பதை அது சோதிக்கவில்லை.

ஸ்டீராய்டு பற்றிய சர்ச்சை தனிக் கதை. 1976-ல் கானும் பிளிட்சரும் பல சோதனைகளைத் திரட்டித் தொடர்பில்லை என்றனர். 1983-ல் மெஸ்ஸரும் சகாக்களும் உண்டு என்றனர். 1991-ல் பைப்பர் குழு ஒரு தெளிவைத் தந்தது: ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களுக்கு ஆபத்து கூடவில்லை, வலிநிவாரணியோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு, இரண்டையும் எடுக்காதவர்களைவிட 15 மடங்கு. இவர்கள் முதியவர்கள். குழந்தைக்கு 15 மடங்கு என்று சொல்ல இது இடம் தராது. மூட்டழற்சிக்காக இரு மருந்தையும் சேர்த்து எடுக்கும் குழந்தையைக் கவனமாகப் பார்க்கச் சொல்ல இது போதும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில்

1842-ல் தாமஸ் கர்லிங் தீக்காயத்துக்குப் பின் வரும் முன்சிறுகுடல் புண்ணையும், 1932-ல் ஹார்வி குஷிங் மூளைக் கோளாறோடு வரும் புண்ணையும் விவரித்தனர். இன்று இந்த வகை தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் அதிகம். மான்ட்ரியாலில் 1,006 அனுமதிப்புகளைத் தொடர்ந்து கவனித்து 1998-ல் வெளியான ஆய்வில், 10.2 சதவீதத்தில் மேல் செரிமானப் பாதையில் ரத்தம் கசிந்தது; மருத்துவ ரீதியில் முக்கியமான அளவில் கசிந்தது 1.6 சதவீதத்தில் மட்டுமே. சுவாசச் செயலிழப்பு, ரத்தம் உறையாமை, நோயின் கடுமை மூன்றும் தனித்தனியே ஆபத்தைக் கூட்டின. காரணமும் விளைவும் இவ்வளவு தெளிவாகத் தெரியும் இடம் இத்துறையில் வேறில்லை. அமிலத்தை அடக்கும் மருந்தை அங்கே எல்லாக் குழந்தைக்கும் கொடுப்பதா, ஆபத்து மிகுந்தவருக்கு மட்டுமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. அந்த மருந்தே நுரையீரல், குடல் தொற்றுகளுக்கு வழிவிடக்கூடும் என்ற கவலை இருப்பதால் இரண்டாவது கருத்தின் பக்கம் நியாயம் கூடுதலாகத் தெரிகிறது.

காரணம் அகப்படாத புண்

ஐரோப்பாவின் பல நாடுகளில் ஒரு மாதகாலம் எண்டோஸ்கோபி செய்துகொண்ட 694 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2010-ல் வெளிவந்தது. 56 பேரிடம் புண்ணோ மேலோட்டமான அரிப்போ இருந்தது. அவர்களில் கிருமி கொண்டவர்கள் சிறுபான்மையே. கிருமியும் இல்லை, மருந்தும் இல்லை, வேறு நோயும் இல்லை என்ற குழந்தைகள் கணிசம். ஹாங்காங்கிலிருந்து 2009-ல் வந்த கட்டுரையும் இத்தகைய குழந்தைகளை விவரித்தது. கிருமி உள்ளவர்களைவிட இவர்கள் வயதில் சிறியவர்கள். புண் திரும்ப வருவதும் இவர்களிடம் கூடுதல்.

இவ்வகைப் புண் உண்மையில் பெருகுகிறதா என்பதில் எச்சரிக்கை தேவை. கிருமியால் வரும் புண் குறையும்போது, எண்ணிக்கையில் மாறாமல் நிற்கும் மற்றவை விகிதத்தில் பெரிதாகத் தெரியும். அண்மையில் எடுத்த ஆன்டிபயாடிக்கோ அமில மருந்தோ சோதனையில் கிருமியை மறைத்துவிடலாம். வீட்டில் கொடுத்த காய்ச்சல் மருந்து நினைவில் வராமல் போகலாம். கிரோன் நோய், இயோசினோஃபில் அழற்சி போன்றவை முதலில் வெறும் புண்ணாகத் தலைகாட்டலாம். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒரு மீதம் இருக்கிறது என்றே தோன்றுகிறது.

எங்கே நிற்கிறோம்

கடும் நோயும் ரத்தம் உறையாமையும் இரண்டாம்நிலைப் புண்ணுக்கு இட்டுச்செல்கின்றன என்பதும், பள்ளி வயதில் வரும் முன்சிறுகுடல் புண்ணுக்கு, தொற்று பரவலாக உள்ள நாடுகளில், ஹெலிகோபாக்டர் தலைமைக் காரணி என்பதும் இப்போதைக்கு உறுதியாகச் சொல்லக்கூடியவை. வலிநிவாரணி உண்மையான காரணி. குறுகிய காலப் பயன்பாட்டில் அதன் ஆபத்து சிறிது. குடும்ப வரலாறு உதவும் ஒரு குறி. உணவும் மனமும் நிரூபிக்கப்படாதவை. மக்கள் பேச்சில் அவைதான் முதலிடத்தில் இருக்கின்றன.

இதில் நடைமுறைக்கு முக்கியமானது ஒன்று. அடிக்கடி வயிற்று வலி என்று சொல்லும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் புண் இல்லை. ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், செயல்பாட்டு வகை வலிக்காகக் கிருமிச் சோதனை செய்ய வேண்டாம் என்கிறது. தொற்று பரவலான ஊரில் ரத்தப் பரிசோதனை பல பிள்ளைகளுக்கும் 'உண்டு' என்று காட்டிவிடும். வலிக்கான காரணம் அதனால் தெரிந்துவிடாது. தேவையில்லாத ஆன்டிபயாடிக் மட்டும் மிஞ்சும். கிருமிக்கு மருந்தெதிர்ப்பு வளரும்.

ஜப்பானின் சாகா மாகாணம் வேறு முடிவெடுத்தது. 2016 முதல் அங்கே நடுநிலைப் பள்ளியின் இறுதியாண்டு மாணவர்களுக்குச் சோதனையும், தொற்று உறுதியானவர்களுக்குச் சிகிச்சையும் தரப்படுகின்றன. நோக்கம் பிற்கால இரைப்பைப் புற்றுநோயைத் தடுப்பது. புற்றுநோய் அதிகமுள்ள ஜப்பானுக்கு அது பொருந்தலாம். தொற்று மிகுந்தும் இரைப்பைப் புற்றுநோய் ஒப்பீட்டளவில் குறைவாக உள்ள இந்தியாவுக்கு அதே கணக்கு செல்லுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் தேட, தொற்றுள்ள குழந்தைகளைப் புண் வரும் முன்பிருந்தே ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். புண் வந்த பிறகு மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணும் ஆய்வுகளால் அது இயலாது. சோமர்வெல்லும் டோவியும் எழுப்பிய புவியியல் புதிரையும் அத்தகைய தொடர் ஆய்வில்தான் சோதித்துப் பார்க்க முடியும்.